ஆணி இல்லாத பெஞ்சு செய்த எங்கள் அய்யா

“ஏத்தா, உங்கய்யன் கயித்தால பெஞ்சு கட்டுறானாம்ல! அதுல உக்காந்தா அலையில ஆடுற மாதிரில்ல ஆடுவ? ஆறாப்பெல்லாம் உனக்கு எதுக்கு? பேசாம கருவாடு காயப்போடு” என்று பெரியப்பா ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னைக் கேலி செய்தார். அய்யாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பெஞ்சுகளின் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அய்யா சேதுக்கரையில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தம் அண்ணனான அந்தப் பெரியப்பாவோடு கட்டுமரம் ஏறினார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. வலையில் வந்த மீனில் ஒரு பங்கை இல்லாதவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் விற்பார். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான்தான்.

எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மேலே படிக்க இராமநாதபுரம் போக வேண்டும். அவ்வளவு தூரம் பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். இங்கேயே ஆறாம் வகுப்பு வைக்க டீச்சர் அனுமதி கேட்டார். அடுத்த முறை தாம் வரும்போது பெஞ்சு இருந்தால்தான் அனுமதி என்று பள்ளி ஆய்வாளர் சொல்லிவிட்டார். முன்பு டவுனில் வாங்கிய பெஞ்சுகளின் ஆணிகளை உப்புக்காற்று ஒரே வருடத்தில் தின்றுவிட்டிருந்தது.

கால் கழன்று கிடந்த அந்தப் பெஞ்சுகளை அய்யா பார்த்தார். “ஆணி இருந்தாத்தான துருப்பிடிக்கும்?” என்றார்.

பலகையிலும் காலிலும் பள்ளம் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, தென்னங்கயிற்றால் கட்டினார். கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கியதும் பெஞ்சு கல்லைப்போல் இறுகி நின்றது. அப்படி ஆறு பெஞ்சுகள் செய்தார்.

ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் மாலை, பெஞ்சுகள் சுத்தமாக இருக்கட்டும் என்று அய்யா அவற்றைக் கழுவினார். கடலிலிருந்து வந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவது எங்கள் வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் ஆறு பெஞ்சுகளையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, விடியுமுன் கடலுக்குப் போய்விட்டார்.

காலையில் ஆய்வாளர் கண்டது பலகைக் குவியலைத்தான். “பெஞ்சு எங்கே?” என்றார். என் ஆறாம் வகுப்பு போயிற்று என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் கரையேறிய அய்யா, விஷயம் தெரிந்து ஈர வேட்டியோடு ஓடிவந்தார்.

“இங்கனதாங்க கிடக்கு. ஈரத்தோட கட்டிக்கிடந்தா மரம் அழுகிருமேன்னு அவுத்துப் போட்டேன்.”

“இது விறகு.”

“இந்த எளநியக் குடிங்க. குடிச்சு முடிக்கையில பெஞ்சாயிரும்.”

ஆறாம் வகுப்புக்குக் காத்திருந்த நாங்கள் நான்கு பெண்பிள்ளைகள் பலகைகளைத் தாங்கிப் பிடித்தோம். “இழு தாயி, இழு! கஞ்சி குடிச்சேல்ல?” என்று அதட்டியபடியே அய்யா கட்டினார். முதல் பெஞ்சு எழுந்து நின்றது. ஆய்வாளர் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. எங்கள் நால்வரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார், அப்போதும் அசையவில்லை. “அவிழ்த்துக் காட்டுங்கள்” என்றார். அவிழ்த்த பலகைகள் சுவரோரம் ஒரு முழ இடத்தில் அடங்கின. அவர் வாய்விட்டுச் சிரித்து, அங்கேயே அனுமதி எழுதிக் கொடுத்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கும் அதேபோல் செய்து தரக் கேட்டார்.

அந்தப் பள்ளிக்குச் செய்த பலகைகளைப் பஸ் கூரையில் ஏற்றியவர் பெரியப்பாதான். “பாத்து வைங்கப்பா, எந்தம்பி செஞ்சது” என்று கண்டக்டரிடம் பத்துத் தடவை சொன்னார். பிறகு மீன் விற்கும் பெண்கள் தலையில் சுமந்துபோய்ச் சந்தையில் கட்டி நிறுத்திக்கொள்ளும் மேசையையும் அய்யா செய்தார். இன்றும் அதில்தான் அவர்கள் விற்கிறார்கள்.

கடைசி நாள்களில் ஆஸ்பத்திரி இரும்புக் கட்டிலைத் தடவியபடி, “இத அவுக்கவே ஏலாதா தாயி?” என்று கேட்டார். நர்சம்மாவும் சிரித்துவிட்டார்.

அவரை இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்ல நடுவழியில் வண்டி நிறுத்தி ஏற்றிக்கொண்ட லாரிக்காரருக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், அன்று கடலில் கட்டுமரம் இறக்காமல் துக்கம் காத்த சேதுக்கரை மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

ஆசிரியப் பயிற்சி முடித்து, அதே பள்ளியில் நான் இப்போது பாடம் நடத்துகிறேன். அங்கே படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பு கேட்டு, பதினொரு பெண்களின் பெயர்களோடு எழுதிய மனுவைப் போன திங்கட்கிழமை நானே கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.