தம்பி இறக்கிய கிடா

தையல்காரி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கிரேன் வைத்துத் தூக்கினாலும் நகரமாட்டாள். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு செம்மறிகள் வளர்த்தாள். எல்லாம் சின்ன உடம்புக்காரிகள். பெற்ற பிள்ளைகள் மாதிரிதான். வாய்விட்டு மட்டும் சொல்லமாட்டாள்.

பழைய கிடா செத்ததும், அவளைக் கேட்காமலே மெக்கானிக் தம்பி ஒரு சுத்த இனக் கிடாவை வேனிலிருந்து இறக்கினான். தலை ஒன்று இருந்ததே, அண்டா மாதிரி!

"ராஜா மாதிரி இல்லக்கா? குட்டியெல்லாம் ஒரே அச்சா விழும்."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கிடாவின் தலையை அளந்தாள். பிறகு இன்னும் ஈனாத இளசுகளின் இடுப்பை அளந்தாள்.

"ராஜாதான். இந்த மண்டையோட குட்டி வந்தா என் பொண்ணுங்க பொழைக்குமாடா? முதல் குட்டி போடுறதுங்களுக்குச் சின்ன மண்டைக் கலப்புக் கிடாதான்."

"கலப்புன்னா ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவப்பு, ஒண்ணு உன்னை மாதிரி குள்ளம்னு வரும்."

"குள்ளமானாலும் உயிரோட வரும்ல?"

ஏற்கெனவே ஈன்றவற்றைத் தம்பியின் கிடாவோடு விட்டாள். மூன்று இளசுகளை வேலிக்கு அந்தப்பக்கம், பால்காரரிடம் இரவல் வாங்கிய கலப்புக் கிடாவோடு அடைத்தாள். எது எதோடு சேர்ந்தது என்று தெரியவேண்டுமே! தம்பியின் கிடாவுக்கு மார்பில் சிவப்புச் சாயம், கலப்புக்கு நீலம்; ஏறினால் ஆட்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

தன் ராஜாவைப் பார்க்க வந்த தம்பி, வேலியின் நடுக்கதவைத் தாழ் போடாமல் போய்விட்டான். மறுநாள் பார்த்தால், இருப்பதிலேயே சின்னதின் முதுகில் பளிச்சென்று சிவப்பு.

தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவதை நிறுத்தவில்லை. தட்டை மட்டும் டங்கென்று வைப்பாள். அவனும் தின்றுவிட்டுப் போவான்.

ஐந்து மாதம் போனது. ஒரு மத்தியானம் அந்தச் சின்னது வலியில் கத்தியது. தம்பி பட்டறையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். முன்கால் இரண்டும் வெளியே, தலை சிக்கிவிட்டது.

"முழங்கை வரைக்கும் சோப்புப் போடு. அவ முக்கும்போது மட்டும் இழு. இது உன் நட்டு போல்ட்டு இல்ல."

அவள் ஆட்டின் தலையை மடியில் அணைத்துக்கொண்டாள். அவன் இழுத்தான், நிறுத்தினான், மறுபடி இழுத்தான். குட்டி தொளதொளவென்று வந்து விழுந்தது. மூச்சில்லை. அவள் மூக்குச் சளியை வழித்து, வைக்கோலால் பரபரவென்று தேய்த்தாள். ஒரு தும்மல்! பிறகு இன்னொன்று.

தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். "அக்கா, அடுத்த தடவை எல்லாத்துக்கும் கலப்புக் கிடாவே விட்டுடலாம்."

"பெரியதுங்களுக்கு உன் ராஜா போதும். எல்லாத்துலயும் அவசரம்! குட்டியைத் தூக்கித் தாய் மடியில விடுடா, பால் குடிக்குதான்னு பாப்போம்."