கருஞ்சீரகம் தின்ற மீன்கள்

மேடையில் நான் தோற்றது குறைவு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. விவாதங்களில் பெற்ற கைதட்டல் ஒவ்வொன்றையும் உழைத்தே பெற்றேன். ஆயினும் என் அக்காவின், எங்கள் வழக்கில் ராத்தாவின், மீன்குளத்தை அழிக்கப் பார்த்த உரையும் என்னுடையதுதான்.

நாவிதன்வெளி ஊரின் வயலோரத்தில் ராத்தாவும் அவர் கணவரான மச்சானும் திலாப்பியா வளர்க்கிறார்கள். மேல்வயலின் வடிச்சல் நீர் ஒரு குழாய்வழியே அந்தக் குளத்துக்கு வரும். பயிருக்கு அடித்த பூச்சிமருந்தும் கூடவே வரும். ஒரு போகத்தில் மீன்கள் அத்தனையும் வயிறு காட்டி மிதந்தன. அதன்பின் ராத்தா ஒரு மீன்வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்தார். கருஞ்சீரகத்தை அரைத்து, விற்றமின் சி தூளோடு மீன்தீனில் பிசைந்து, நிழலில் உலர்த்திப் போடத் தொடங்கினார். எங்கள் வீடுகளில் சளித் தடிமனுக்கும் மூட்டுவலிக்கும் முதலில் திறக்கப்படுவது கருஞ்சீரகப் போத்தல்தான்; அது மீனுக்கும் ஆகும் என்றபோது யாரும் வியக்கவில்லை.

இன்னொரு காவலும் இருந்தது. மேல்வயற்காரர் காரைதீவுத் தமிழர். நாங்கள் அண்ணன் என்று அழைப்போம். மருந்தடிப்பதற்கு முதல்நாள் அவர் சொல்லியனுப்புவார்; ராத்தா குழாயை அடைத்துவிடுவார். அப்படியும் கசிந்து வருகிற கொஞ்ச நஞ்சை அந்தத் தீன் தின்ற மீன்கள் தாங்கிக்கொண்டன.

வயல்செய்யும் கமக்காரரின் மாதக்கூட்டத்தில் பேச என்னை அழைத்தார்கள். ராத்தா ஒரேயொரு வேண்டுகோளைத் தந்தார். "மருந்தடிக்க முதல் எல்லாரும் ஒரு சொல் சொல்லிரச் சொல்லு தங்கச்சி. அவ்வளவுதான்."

ஒலிவாங்கி கைக்கு வந்ததும் அந்த அவ்வளவு எனக்குப் போதவில்லை. "கருஞ்சீரகம் உண்ட மீனை எந்த நஞ்சும் தீண்டாது!" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. அந்த அதிர்வில் வேண்டுகோளை மறந்தே போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறின. மச்சான் ஓடிப்போய்க் குழாயை அடைத்தார்; நானும் குளத்தடிக்கு ஓடிவந்தேன். தகவல் கேட்ட அண்ணன், கை உழவு இயந்திரத்தில் நீரிறைக்கும் பம்பை ஏற்றிக்கொண்டு வந்துசேர்ந்தார்.

"ஏன் அண்ணன், இந்தமுறை சொல்லி அனுப்பயில்லையே?" என்றார் மச்சான்.

"என்னத்துக்குச் சொல்லுற? எந்த நஞ்சும் தீண்டாதெண்டு தங்கச்சிதானே கதைச்சது! நானும் கை தட்டினேனே!"

மச்சான் என் பக்கம் திரும்பினார். "பேச்சாளர் இஞ்சதான் இரிக்காங்க. மீனுக்கும் ரெண்டு வார்த்த கதைங்களன், எழும்பி ஓடட்டும்."

நான் கூடையை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினேன். பல எதிரணிகளால் தர முடியாத தோல்வியை அந்த ஒரு வரி தந்தது.

அண்ணன் தன் வயல்வேலையை விட்டுவிட்டு, கிணற்றுநீரைப் பகல் முழுவதும் குளத்துக்கு இறைத்தார். செத்த மீன்களை நான் கூடையில் அள்ளினேன். ஒவ்வொரு கூடையின்போதும் ராத்தாவின் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டபோது நான்காவது கூடை பாதிதான் நிறைந்திருந்தது. மீதி மீன்கள் ஆழத்துக்கு இறங்கி, வழமைபோல் நீந்தின.

ராத்தா கரையில் குந்தியிருந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "நல்ல தீன் திண்ட மீன், தாங்கிட்டு. ஆனா அது குடை மட்டும்தான் தங்கச்சி. குடைய நம்பி வெள்ளத்துக்குள்ள இறங்கேலாது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மச்சான். அண்ணன் பம்பை நிறுத்திவிட்டு, ராத்தா நீட்டிய தேநீரை வாங்கிக் குடித்தார். தன் எரிபொருளைப் பற்றியும், வீணான தன் பகலைப் பற்றியும் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மூவரையும் அன்று நான் பார்த்த பார்வையில் இருந்த நன்றிக்கு இன்றுவரை எனக்கு ஒரு நல்ல சொற்றொடர் அகப்படவில்லை.

அடுத்த மாதக்கூட்டத்தில் நானாகவே ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். "போன முறை பிழையாகச் சொன்னேன். கருஞ்சீரகத் தீன் மீனுக்குத் தெம்பு தரும், நஞ்சை நிறுத்தாது. மருந்தடிக்க முதல்நாள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்."

கைதட்டல் எழவில்லை. பின்வரிசையில் அண்ணன் மட்டும் எழுந்தார்.

"நான் புதன்கிழமை காலமைக்கு அடிக்கிறன் தங்கச்சி."

அவருக்குப் பின்னால் வேறொருவர் எழுந்து, தனக்கு வெள்ளிக்குப் பிறகு என்றார். நான் கையிலிருந்த தாளைத் திருப்பி, வெறுமையாயிருந்த பக்கத்தில் கிழமைகளை எழுதிக்கொண்டேன். பின்பு வெளியே வந்து ராத்தாவுக்கு அழைப்பெடுத்தேன்.

"புதன்கிழமை காலமைக்காம் ராத்தா. செவ்வாயே குழாய அடைச்சிருங்க."