ஒத்துக்காதவள்

மேனகா வைத்திக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், தனியாக உட்கார்ந்து சூரைமீன் குழம்பு சாப்பிட்டாள். சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரித்தது. மாமியார் சின்னப்பொண்ணு வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: மில்லுக்காரன் வீட்டுப் பெண்ணுக்குக் கடல் மீன் ஒத்துக்காது.

அன்றிலிருந்து மீனை அரிவதும் குழம்பு கூட்டுவதும் அவள். ரசம் ஊற்றிச் சாப்பிடுவதும் அவள்தான். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைத்ததில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'நம்ம சோறு ஒத்துக்காதவ' என்றே மாமியார் அவளைக் காட்டுவாள். முதலில் அழுதாள். மகள் பூவிழி வளர்ந்து கல்லூரிக்குப் போவதற்குள் அழுகையும் அலுத்துவிட்டது.

போன பங்குனியில் புருஷன் இளம்பரிதியின் படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. கரைக்கு இழுத்து வருவதற்குள் ஐஸெல்லாம் தண்ணீர். விலைபோகாத சூரையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, நாற்றமும் இல்லை. சாப்பிடும்போதே மாமியார், மிளகை அள்ளிக் கொட்டிவிட்டாள் என்று முணுமுணுத்தாள். மேனகா மிளகே போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமியார், புருஷன், மகள் மூன்று பேரும் செக்கச்செவேலென்று ஆகி, தலைவலியும் வாந்தியுமாகச் சுருண்டார்கள். ஆட்டோவில் மாமியார் கேட்டாள்.

"இவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல? என்னாத்தடி கலந்த?"

இளம்பரிதி வாயைத் திறக்கவில்லை. அதுதான் மேனகாவுக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஐஸைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். சூரை மாதிரி மீன் வெயிலில் கிடந்தால் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற நஞ்சை உண்டாக்கிவிடுமாம். கொதிக்க வைத்தாலும் போகாது, திரும்ப ஐஸில் போட்டாலும் போகாது. சில நேரம் நாக்கில் மிளகுபோலச் சுருக்கென்று படும். யார் தின்றாலும் இதே கதிதான். மேனகா தன் பழைய கதையைச் சொன்னாள். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, மீன் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இல்லை, அன்றும் இதுதான் நடந்திருக்கும் என்றார்.

மாமியார் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்:

"நீ ஒரு வாய் வச்சிப் பாத்திருந்தா அந்தக் காரம் அப்பவே தெரிஞ்சிருக்கும் இல்ல?"

மேனகாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அசதி.

அடுத்த வாரம் கானாங்கத்தை மீன் குழம்பு. மேனகா முதல் தட்டைத் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் வெறும் தட்டோடு அவள் வாயையே பார்த்தார்கள். அவள் நிதானமாக முள்ளெடுத்து மென்றாள்.

"காரமா இருக்கா?" என்றாள் மாமியார்.

"இன்னும் தெரியல அத்த" என்று மேனகா இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள்.