நான் திருத்திய மனு

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். பத்தாம் வகுப்பில் கடிதப் பாடம் வந்தால் ஆளாளுக்குத் தெருவிளக்கு கேட்டு எழுத வைப்போம். அந்தப் பொய்க் கடிதங்களைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. “வைத்தியம், ஊசி, நல்ல தண்ணின்னு உங்க ஊர்ல எது எல்லாருக்கும் கிடைக்கல? அதைக் கேட்டு கலெக்டருக்கு எழுதுங்க. நெசமாவே அனுப்புவோம்” என்றேன்.

ஆற்றங்கரை ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் மறுநாளே மனுவை நீட்டினாள். அவள் ஊருக்கு மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் கோயில் தெருவோடு திரும்பிவிடுவார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் தெருவில் காலே வைத்ததில்லை. ஏன் என்று அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

‘நர்சம்மா எங்க தெருவுக்கும் வரணும். எங்க அக்கா மாசமா இருக்கா. கால் ரெண்டும் வீங்கியிருக்கு. தலைவலின்னு அழுதா.’ இவ்வளவுதான் மனு.

எனக்கு வந்ததே கோபம்! “ஏட்டி, கலெக்டருக்கு இப்படியா எழுதுவாவ? வீட்டுக் கதையெல்லாம் இதுல எதுக்கு?” என்று அக்காவைப் பற்றிய வரிகளைச் சிவப்பு மையால் அடித்தேன். ‘வரணும்’ என்பதை ‘வருகை தர ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ ஆக்கினேன். திரும்ப எழுதி வந்தாள். ‘ஆவனச்’ என்று ஒரு ஒற்று கூடுதல். அதையும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது முறை பிழையில்லாமல் வந்தபோது காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்து குவிந்துவிட்டன. மனு மேசை இழுப்பறையில் கிடந்தது.

“அனுப்பியாச்சா டீச்சர்?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

“பைய அனுப்பலாம்ட்டி, எங்க ஓடிரப் போவுது?” என்றேன். பாவி நான்.

பிறகு நாலு நாள் அவள் வரவில்லை. அக்காவுக்கு வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டாளாம். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னாள். அன்றைக்கே மனுவைத் தபாலில் சேர்த்தேன். சேர்த்து என்ன, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிய காகிதத்தை யார் மதிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மதித்தார்கள். அடுத்த மாதம் ஒருநாள் அவள் என் மேசையருகே வந்து நின்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

“டீச்சர், நேத்து நர்சம்மா எங்க தெருவுக்கு வந்துட்டாவ. எங்க வீட்டு வாசல்லயும் நின்னு, யாரும் மாசமா இருக்கியளான்னு கேட்டாவ. இல்லன்னு சொல்லிட்டேன்.”