ஒரு பீடி நேரம்

மெக்கானிக்குகளும் டிரைவர்களும் படிக்கும் நம் சங்க இதழில், ஸ்பேர்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஷெட்டில் இருந்தவரை நான் அதிகம் பேசியதில்லை. முனிரத்தினம் அண்ணனைப் பற்றி எழுத, அவரோடு கிரீஸில் புரண்டவர்களுக்கே உரிமை அதிகம். அவர்கள் யாரும் எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இன்னும் அதே முதலாளியிடம்தான் வேலை பார்க்கிறார்கள்.

திருச்சானூரில் சித்தி மகள் கல்யாணப் பந்தியில் இருந்தபோது ஷெட் வாட்ச்மேன் போன் செய்தார். "முனி செத்துப் பூட்டாம்மா. ஜாக்கி எறங்கிடுச்சி" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்: எந்த ஜாக்கி?

அண்ணன் அடக்கமான மனிதர் இல்லை. அது உங்களுக்கே தெரியும். ஷெட் முழுக்கக் கேட்கும்படிதான் பேசுவார். நான் பி.காம். படித்தவள் என்பதால் "இன்னா டிகிரி" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை நகரி டிரைவர் ஒருவர், எவ்வளவு அடித்தாலும் ஏறாத ஜாக்கியைக் கொண்டுவந்து அதைச் செய்த கம்பெனியையே திட்டினார். அண்ணன் அதன் வால்வைத் திறந்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தி, பம்ப் கம்பியை மளமளவென்று அடித்தார். "உம் மாமியாருக்கு வாயு புடிச்சா மாதிரி இதுக்கும் காத்து புடிச்சிக்கினு கீது. அதுக்குக் கம்பெனிக்காரன் இன்னா பண்ணுவான்?" என்றார். வால்வை மூடி மறுபடி அடித்ததும் ஜாக்கி ஏறியது. டிரைவர், "எம் மாமியாளயும் இட்டாந்து உடட்டா?" என்றார். கவுண்டருக்குப் பின்னால் நான் சிரித்தது அன்றுதான் வெளியே கேட்டது.

ஜாக்கியைப் படுக்கப் போட்டால் அவருக்குக் கோபம் வரும். படுக்கவைத்தால் எண்ணெய் கசியும், காற்று உள்ளே போகும். தண்டை முழுவதும் இறக்கி, துடைத்து, நிமிர்த்தி வைத்த பிறகுதான் சாப்பிடப் போவார். வண்டியைத் தூக்கியதும் உடனே கிட்டே போகமாட்டார். எட்ட நின்று ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடியும்வரை பார்வை ஜாக்கியின் தண்டிலேயே இருக்கும். தண்டு இம்மிகூட இறங்கவில்லை என்றால்தான் குதிரையை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புக் காலை, அடியில் தள்ளுவார். அதன் பிறகுதான் உள்ளே போவார். "ஜாக்கி தூக்கும், டிகிரி. தாங்கறது குதிர" என்பார்.

அண்ணன் மாமியார் ஊரான ராமகுப்பத்துக்குப் போயிருந்த ஒருநாள் பெரிய ஜாக்கியில் எண்ணெய் குறைந்துவிட்டது. முதலாளி என் கவுண்டரிலிருந்து டின்னைத் தானே எடுத்தார். "சார், அது பிரேக் ஆயில்" என்றேன். "ஆயில் ஆயிலுதாம்மா. குவைத்துல நான் பாக்காத ஆயிலா?" என்றார். நம் ஷெட்டில் எஞ்சினுக்கு ஊற்றுவதும், ஜாக்கிக்கு ஊற்றுவதும், பிரேக்குக்கு ஊற்றுவதும் எல்லாமே 'ஆயில்'தான். அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் விடவில்லை. "பிரேக் ஆயில் ஊத்தினா உள்ள ரப்பரு அப்பளமாட்டம் ஊறிப்பூடும்னு அண்ணன் சொல்லுவாரு சார்" என்றேன். முதலாளி ஊற்றி முடித்து, "முனி வரட்டும், நானே சொல்லி மாத்திக்கிறேன்" என்றார். மறுநாள் நான் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அவர் சொல்லவில்லை.

மீதியை, அன்று சக்கர வேலைக்கு வந்திருந்த லாரியின் டிரைவரே என்னிடம் சொன்னார். அண்ணன் வண்டியைத் தூக்கிவிட்டு வழக்கம்போல் எட்ட நின்று பீடி பற்றவைத்தார். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். "எந்த சேப்பு முனி? ஒரு சக்கரத்துக்கு எவ்ளோ நேரம்? பீடி புடிக்கவா உன்ன வெச்சிக்கினு கீறேன்?" அண்ணன் பாதி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். குதிரையைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். அவர் கை இன்னும் குதிரையின் மேல் இருக்கும்போதே ஜாக்கி இறங்கியது.

போலீசிடமும், சாவு வீட்டிலும் முதலாளி சொன்னது இது: "குதிர வெக்காம பூந்துட்டான். எத்தினி வாட்டி சொல்லியும் கேக்கல." அண்ணி அவருடைய சட்டையைப் பிடிக்கவில்லை. தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அண்ணனின் பிள்ளைகளிடம்கூட ஊர் சொல்வது, உங்கப்பா அஜாக்கிரதையால் செத்தார் என்று. குதிரை பிடித்த கையோடு செத்தவரைப் பற்றி, குதிரை வைக்காதவர் என்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த முதலாளி சாப்பிடுவதையும் தூங்குவதையும் நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆற வேண்டாம் என்றே நான் நினைக்கிறேன்.

போலீஸ் லாரியைப் பார்த்தார்கள். ஜாக்கியை யாரும் கேட்கவில்லை. முதலாளி அதைப் பழைய இரும்பில் போடச் சொன்னார். வேலையை விட்டு வந்த அன்று நான் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்துவிட்டேன். அண்ணனுடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது. மூடியை நான் திறக்கவில்லை. ஊற்றியது உள்ளேயே இருக்கிறது. மோந்து பார்த்தால் நம் தொழிலில் யாருக்கும் தெரிந்துவிடும்.

கருமாதியன்று சங்கக் கூட்டத்தில் அண்ணனின் படத்தைத் திறந்துவைக்க முதலாளியை அழைத்திருக்கிறீர்கள். அழைத்ததை மாற்ற வேண்டாம். அவர் வரட்டும், மாலையோடு மேடையில் உட்காரட்டும். நான் ஜாக்கியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, இதில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்கப்போகிறேன். கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பாது, ஆனாலும் கேட்பேன். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்த ஜாக்கி என் ஒருத்திக்குக் கனமாக இருக்கிறது. வாசலிலிருந்து மேடை வரைக்கும் யாராவது ஒருவர் எழுந்து வந்து சாக்கின் மறுமுனையைப் பிடியுங்கள்.