கொக்கி இல்லாத கடை

நாகர்கோவிலில் சாலையை அகலப்படுத்தியபோது, ஓரத்தில் பழக்கடை போட்டிருந்த எங்களைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். என் கடையில் ஷட்டர் இருந்தது, மின்விசிறி இருந்தது. வாழைக்குலை தொங்கவிட ஒரு கொக்கி கிடையாது. குலையைத் தரையில் கிடத்தினால் அடியில் இருக்கும் காய் நசுங்கிக் கறுத்துப்போகும் என்பதுகூடத் தெரியாமல் பழக்கடை கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டைல்ஸ் தரைதானேம்மா, கீழேயே வையுங்க” என்றார் பார்வையிட வந்த இன்ஜினியர். கூரையில் ஓட்டை போடக்கூடாதாம்.

அன்று காலை வெட்டிய ஏத்தன் வாழைக்குலையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். “இத ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிடுங்க சாரே. நசுங்காத எடம் ஒண்ணு பாத்துட்டு வாறேன்.”

மூலை மூலையாக, அவசரமே இல்லாமல் தேடினேன். மற்ற கடைக்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். அவர் குலையை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். தண்டிலிருந்து வடிந்த கறை, எந்தச் சோப்புக்கும் போகாத வாழைக்கறை, வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கடைசியில் அவரே அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

மறு வாரம் கடைக்கு நான்கு கொக்கி மாட்டினார்கள், வாய் திறந்து கேட்காத கடைகளுக்கும் சேர்த்து.

இப்போதும் அவர் என்னிடம்தான் பழம் வாங்குகிறார். நான் குலையில் கத்தி வைத்ததும் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வார்.