பதினோரு தாளில் ஒரு ஸ்டோர்

நாடெங்கும் ஐந்தாண்டுத் திட்டம் பற்றிப் பேச்சாக இருந்த காலம். நானும் ஒரு திட்டம் போட்டேன். நாட்டுத் திட்டத்தில் ஓர் அணையாவது எழுந்தது.

குரங்கணிக்கு மேலே ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்து என் மனைவியின் அண்ணன் ஏலச்செடி வைத்திருந்தார். போடியில் பார்த்த கடை வேலையை விட்டுவிட்டு, மூன்று வருஷம் அட்டைக்கடியும் மழையுமாக அங்கேயே கிடந்தார். அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. பறித்த பச்சைக் காயை உடனே சூட்டறையில் ஏற்றி உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். மலையில் அந்த அறைக்கு ஸ்டோர் என்று பெயர். மச்சானுக்கு ஸ்டோர் இல்லை. புத்தகம் படித்த மாப்பிள்ளை ஒருவன் இருந்தான். கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அவர் செய்த முதல் தவறு என்று அதைச் சொல்ல முடியாது. தங்கையை எனக்குக் கொடுத்தது அதற்கு முந்தியது.

சித்திரையில் தொடங்கினேன். முதல் தாளில் சுவர். இரண்டாவதில் அடுப்புச் சூட்டை அறைக்குள் கொண்டுபோகும் தகரக் குழாய். மூன்றாவதில், மேல்காற்று அடித்தால் புகை எங்கே போகும் என்று சந்தேகம் வந்து முதல் தாளைக் கிழித்தேன். பத்து வருஷத்தில் காய் மூன்று மடங்கானால் எங்கே இடித்துப் பெருக்குவது என்பதற்கு மட்டும் இரண்டு தாள்.

வைகாசிக் கடைசியில் மச்சான் இறங்கி வந்தார்.

“மாப்ளே, கொத்தனாரு எப்ப வரட்டும்னு கேக்குறாரு.”

“கதவு எந்தப் பக்கம்னு முடிவாகல மச்சான்.”

“பக்கத்துத் தோட்டக்காரன் ஒரே வாரத்துல மண்ண அப்பிக் கட்டிட்டான்.”

“அது ஸ்டோரா? புகை வாசல் வழியால்ல வருதாம்.”

“அவனுக்குப் புகையாச்சும் வருது. வெரசா முடிச்சுக் குடுங்க. ஆவணியில காய் பழுத்துரும்.”

பதினோராவது தாளையும் முடித்து, ஆடியில் கொத்தனாரோடு மலையேறினேன். அதுவரை நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. தாள் சமமாக இருந்ததால் தரையும் சமமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். கொத்தனார் தாளைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார்.

“இது எந்த ஊருக்குப் போட்டது சாமி?”

மண்ணை வெட்டிச் சமப்படுத்துவதற்குள் மழை பிடித்தது. வெட்டிய மேடு சரிந்தது. காய் பழுத்தது. பக்கத்துத் தோட்டக்காரனிடம் இடம் கேட்டுப் போனோம். அவன் ஸ்டோரில் அவன் காய்க்கே இடம் போதவில்லை. புகையடிக்கும் அந்த வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்று, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னான்.

காயைத் தலைச்சுமையாக இறக்கி, போடியில் என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் கொட்டினோம். நான்கு நாள் வெயிலே இல்லை. வெயில் இல்லாத நாளுக்கென்று என்னிடம் தனித் தாள் இருந்தது, ஒன்பதாவது. காய் வியர்த்தது, பிறகு வெள்ளையாகப் பூத்தது. பார்க்க வந்த வியாபாரி ஒன்றை உடைத்து முகர்ந்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

மச்சான் திட்டியிருக்கலாம். சாக்கை மடித்துக்கொண்டே, “நீங்க நல்லாத்தான் யோசிச்சீங்க மாப்ளே. நான்தான் யோசிக்காம செடிய வச்சுட்டேன்” என்றார்.

தீபாவளிக்குள் சரிவைப் பக்கத்துத் தோட்டக்காரனுக்கே விட்டுக்கொடுத்தார். அவனுடைய ஸ்டோரிலேயே அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். கண் எப்போதும் சிவந்திருக்கும், புகைதான் என்கிறார்.

போன வாரம் பெட்டியைத் திறந்து அந்தத் தாள்களைப் பார்த்தேன். கதவு உள்பக்கமாகத் திறக்கும்படி போட்டிருக்கிறேன். காய்த் தட்டில் இடிக்கும். பென்சிலைத் தேடி எடுத்துத் திருத்தி வைத்தேன்.